அசை நின்ற எருமை

எங்கள் ஸ்டூடியோவில் ஓய்வு பெற்றுப் போகிறவர்களைக் கடைசியாக ஒருமுறை கேமரா முன்னால் உட்கார வைப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். நான் கேமரா வேண்டாம், எழுதித் தருகிறேன் என்று தப்பித்து வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு மானை ஓடவைக்க ஒரு குழுவே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இப்போது ஒரு வரி தட்டினால் கணினியே மானை ஓடவிடுகிறது. ஆரம்பத்தில் வந்த மான்களுக்கு ஒரு கால் கூடுதலாக இருந்தது, மூட்டு தப்பான பக்கம் மடங்கியது. இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஆனால் இளையவர்கள் என்னைப் பார்த்தால் மானைப் பற்றிக் கேட்பதில்லை. "மேடம், அந்த எருமை ஏன் அழலை?" என்றுதான் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

பூந்தமல்லியில் என் அத்தாவுக்கு ஆட்டுக்கறிக் கடை. நான்தான் மூத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவில் உட்காருவேன். அத்தா தொங்கவிட்ட ஆட்டின் முன்னங்காலைப் பிடித்துக் கொஞ்சம் விலக்கி, கத்தியை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தால், கால் தோள்பட்டையோடு கையில் வந்துவிடும். எந்த எலும்பையும் வெட்டியிருக்க மாட்டார். பின்னங்காலில் அப்படி நடக்காது, மூட்டைத் தேடித்தான் பிரிக்க வேண்டும். இதையெல்லாம் நான் படிப்பாகப் பார்க்கவில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் கறி சுற்றும் காகிதத்தில் வரைந்துகொண்டிருப்பேன். அதுவே ஓவியக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டில் எதிர்ப்பு இருந்தது, பிறகு அடங்கியது. நன்றாக வரைந்தேன். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனி காலி செய்த கொட்டகையில் கார்ட்டூன் படம் போடும் ஸ்டூடியோ தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பக்கத்துக் கொட்டகையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் அடிக்கும்போதெல்லாம் வரைகிற மேஜை அதிர்ந்தது. அங்கேதான் தேவசகாயம் சாரை முதலில் பார்த்தேன். திருநெல்வேலிக்காரர், விளம்பரப் படங்களில் வேலை செய்து வந்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கை மடிக்க மாட்டார். பின்னங்காலால் காது சொறியும் ஆடு ஒன்று வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். தாளைத் தலைகீழாகத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பெல்லாம் அதது எடத்துல இருக்கு. எங்க படிச்ச?"

"அத்தா கறிக்கடை வச்சிருக்காரு, சார்."

"அப்படியா," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ள எல்லாம் சரி. ஆனா வீட்ல யாரும் இல்ல."

எனக்கு அது புரியவில்லை. வேலை மட்டும் கிடைத்தது.

அவர் யாருடைய வேலையையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாள்களை வாங்கி விரலிடுக்கில் வைத்து மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் மேஜையின் வலது பக்கம் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். கையிலேயே வைத்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அப்போது அவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "எடை எந்தக் கால்ல நிக்குது?" "இது எதைக் கேட்டுக்கிட்டு இருக்கு?" எதைப் பார்க்கிறது என்று கேட்க மாட்டார். மிருகம் பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிடுகிறது, காதுதான் முதலில் திரும்பும், கழுத்து பிறகு, கால் கடைசி என்பது அவர் கணக்கு.

சேர்ந்த புதிதில் ஒரு நெய் விளம்பரம் வந்தது. படுத்திருக்கும் பசு நெய் டின்னைப் பார்த்ததும் எழுந்து வர வேண்டும். நான் பசுவை முன்னங்காலை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, பிறகு பின்பக்கம் எழும்புவதாக வரைந்தேன். கம்பெனியிலிருந்து வந்தவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "கம்பீரமா எழுந்திரிக்குது சார்," என்றார். தேவசகாயம் சார் தாள்களைக் கையிலேயே வைத்திருந்தார்.

"குதிரை எழுந்திரிச்சுப் போயிட்டு. மாடு இன்னும் படுத்துத்தான் கிடக்கு," என்றார்.

பிறகு சட்டைக் கையை மடிக்காமல் அப்படியே நடைபாதை சிமெண்ட் தரையில் படுத்தார். முழங்கையை மடக்கி ஊன்றிக்கொண்டு, முதலில் இடுப்பைத் தூக்கினார். தலை தாழ்ந்து கிடக்க, பின்பக்கம் மேலே நின்றது. பிறகுதான் ஒரு கையை எடுத்து வைத்து, அடுத்த கையை வைத்து, முன்பக்கம் எழுந்தது. வந்திருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு சார் இதையெல்லாம் உன்னிப்பா பாக்கப் போறாங்க?"

சார் தூசியைத் தட்டினார். "தப்பு என்னன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது. ஆனா நம்ப மாட்டாங்க. நெய்யையும் சேர்த்து."

எனக்கு அன்று கூச்சமாக இருந்தது. எலும்பு அத்தனையும் தெரியும், ஒரு மாடு எப்படி எழுந்திருக்கிறது என்று தெரியாது. எங்கள் கடையில் எதுவும் எழுந்து நின்றதில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் வரும்போது சன்னலோர இருக்கை பிடித்து, சாலையோரம் படுத்திருக்கும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு வர ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கிவிடலாம். காகிதம் போய்க் கணினி வந்தது. கொட்டகை கண்ணாடிக் கட்டடமாயிற்று. வெளிநாட்டுத் தொடர்களுக்கு நரி, முயல், பென்குயின் என்று எத்தனையோ செய்தோம். எனக்குத் திருமணமாகி முகப்பேருக்குக் குடி வந்தேன். குழு ஒன்றுக்குத் தலைமை கிடைத்தது. தேவசகாயம் சார் ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகராக அவ்வப்போது வந்துபோனார்.

கணினி வந்த பிறகு சேர்ந்தவர்களில் முரளி முக்கியமானவன். கொரட்டூர்க்காரன். கணினியில் ஒரு மிருகம் செய்தால், அதன் உள்ளே எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்த எலும்புகளைப் பிடித்து இழுத்துத்தான் நாங்கள் நிற்கவும் நடக்கவும் வைப்போம். அந்தக் கூட்டைப் பொருத்துகிற வேலை முரளியுடையது. அவன் செய்த முதல் புலி நடந்தபோது மரப்பொம்மை மாதிரி இருந்தது. முன்னங்காலை மனிதன் தோள் மாதிரி நெஞ்செலும்போடு இறுக்கிப் பூட்டியிருந்தான். சொன்னால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தா கடைக்கு வரச் சொன்னேன். அத்தா வழக்கம்போல முன்னங்காலை விலக்கி இழுத்தார். முரளி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டான்.

"யக்கா, பூட்டே இல்லியேக்கா! இன்னாத்துலதான் நின்னுகினு கீது?"

"சதையிலதான் தொங்குது. முன்பக்க உடம்பு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தொட்டில் மாதிரி. அதான் புலி நடந்தா தோள் மேலேயும் கீழேயும் ஏறி இறங்குது."

அந்தப் புலி பிறகு நன்றாக நடந்தது. முரளி ஒரு மாதம் கறி சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

கௌதம் என்ற இயக்குநர் எருமைக் கதையோடு எங்களிடம் வந்தது சில வருடங்களுக்கு முன்பு. முப்பது வயதுக்குள் இருக்கும், இதுதான் முதல் முழுநீளப் படம். ஏரி உடைந்து வெள்ளம் வருகிறது. சீதேவி என்ற எருமையின் கன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எருமையை வளர்க்கும் சிறுமி மறுநாள் தீவனக்கூடையோடு கொட்டிலுக்கு வருகிறாள். எருமை நிற்கிறது. சிறுமி அதைப் பார்த்து, நடந்ததைப் புரிந்துகொள்கிறாள். படம் பாதியில் அந்த இடத்தில்தான் திரும்புகிறது. வசனம் கிடையாது.

"மேடம், எருமைக்கு முகமே இல்ல," என்றார் கௌதம். "கன்னம் கிடையாது, புருவம் கிடையாது, எல்லாம் ஒரே கறுப்பு. எங்கேருந்து உணர்ச்சியை எடுக்கிறது? புருவம் வச்சிடலாம். ஒரு கண்ணீர் விட்டுடலாம்."

எங்கள் வேலையில் இது ஒன்றும் புதிதல்ல. நரிக்கும் முயலுக்கும் புருவம் வைத்துத்தான் அழவைத்திருக்கிறோம். ஆனால் இந்தப் படத்தில் எருமை பேசாது, பாடாது, இரண்டு காலில் நிற்காது. மற்ற எல்லாக் காட்சிகளிலும் உண்மையான எருமை மாதிரியே நடந்துகொள்வது, இந்தக் காட்சியில் மட்டும் புருவத்தைத் தூக்க வேண்டும். எனக்கு அரைமனதுதான். இருந்தாலும் செய்து கொடுத்தேன்.

முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அரங்கில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளத்தின்போது பயந்து கத்தினார்கள். கொட்டிலில் எருமை புருவத்தைச் சுருக்கிக் கண்ணீர் விட்டதும் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. "டேய், கண்ல ஷாம்பூ பட்டுடுச்சு!" என்றான் ஒருவன். அரங்கம் முழுக்கச் சிரித்தது. கௌதம் எழுந்து வெளியே போய்விட்டார்.

தயாரிப்பாளர் சொன்னது எளிமையானது. எருமையைக் காட்ட வேண்டாம், சிறுமி முகத்தை மட்டும் காட்டுங்கள், அவள் அழட்டும். கௌதம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் மேடம் இந்தப் படமே. அது இல்லன்னா இது ஏதோ ஒரு பொண்ணு கதை. இன்னொரு தடவை முயற்சி பண்ண விடுங்கன்னு கேட்டிருக்கேன். அதுவும் சரியா வரலன்னா எடுத்துடுவாங்க."

அந்த வாரம் தேவசகாயம் சார் வந்திருந்தார். திரையில் போட்டுக் காட்டினேன்.

"புருவத்தை எடு," என்றார். எடுத்தேன். "கண்ணீரை எடு." எடுத்தேன். "மிச்சம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மா நிக்குது."

"எதைக் கேட்டுக்கிட்டு நிக்குது?"

நான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் காத்திருக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முரளியின் பெரியம்மா வள்ளியம்மா குத்தம்பாக்கத்தில் இருந்தாள். அவள் வீட்டு எருமை கன்று போட்டு, கன்று வயிறு உப்பிச் செத்துப்போயிருந்தது. முரளி போன் பேசிவிட்டு என்னிடம் சொன்னான். மறுநாள் காலையே அவனை அழைத்துக்கொண்டு போனேன்.

அப்போது அங்கே புதிய பேருந்து நிலையத்துக்காக மண் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வீட்டுக் கூரை, வேலி, எருமை முதுகு எல்லாவற்றின் மீதும் செம்மண் தூசி. வள்ளியம்மாவின் கணவர் ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். முரளி சொல்லியிருக்கிறான், பூந்தமல்லிக் கறிக்கடை பாய் பெண் என்று.

"மாட்டப் பாக்க வந்தீங்களாம்மா? கடைக்கு எடுத்துப்பீங்களா?"

"எங்களது ஆட்டுக் கடைங்க. நான் படம் வரைய வந்திருக்கேன்."

"எருமையவா?" என்று கேட்டுவிட்டு, முரளியைப் பார்த்துச் சிரித்தார். "மேய விடறதுக்கு எடமே இல்ல. எல்லாம் மண்ணு கொட்டிட்டானுங்க. யாருனா கேட்டா குடுத்துடலாம்னு கீறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்," என்றாள் வள்ளியம்மா, உள்ளேயிருந்து.

பல நாள் காலைகளில் அங்கே போனேன். கொட்டிலுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. கடைக்குப் பின்னால் ஆடுகள் கட்டியிருக்கும் இடத்துக்கு நாங்கள் பிள்ளைகளாகப் போகும்போது அத்தா ஒன்றுதான் சொல்வார், முகத்தைப் பார்க்காதே என்று. பார்த்தால் அவருக்கே கை ஓடாதாம். அந்தப் பழக்கம் எனக்குள் இருந்ததோ என்னவோ, நான் வரைந்த மிருகங்களில் எப்போதும் முதுகு நன்றாக வரும், தோள் நன்றாக வரும். இந்த எருமையையும் முதல் நாள் முழுக்கப் பின்னாலிருந்தே வரைந்திருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் நாற்காலியை முன்பக்கம் போட்டுக்கொண்டேன்.

"மொத ரெண்டு நாளு ஒரே கத்தலு," என்றாள் வள்ளியம்மா. "அப்பால நின்னுப்போச்சு. மறந்துடுச்சுன்றாரு இவரு. தீனி எடுக்குது. தண்ணி குடிக்குது. எனுக்கும் ஒண்ணும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அது நின்றது, தின்றது, அசைபோட்டது. எருமை அசைபோடும்போது தாடை மேலும் கீழும் போவதில்லை. கீழ்த்தாடை பக்கவாட்டில் ஒரு வட்டம் போடும். கொஞ்ச நேரம் மென்று விழுங்கும். கழுத்தில் ஒரு உருண்டை இறங்குவது தெரியும். ஒரு சின்ன இடைவெளி. பிறகு அடுத்த உருண்டை கீழேயிருந்து மேலே ஏறும். இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி ஹாரன் அடித்தால் தாடை நிற்கும், காது திரும்பும், ஒன்றுமில்லை என்றானதும் மறுபடி மெல்லும். நாய் ஓடினாலும் அப்படித்தான்.

ஒருநாள் இரண்டு வீடு தள்ளி யாரோ கன்றுக்குட்டியை அவிழ்த்திருக்கிறார்கள். பசுங்கன்று. ஒருமுறை கத்தியது. எருமையின் தாடை நின்றது. வட்டத்தின் பாதியில், ஒரு பக்கமாக ஒதுங்கியபடியே நின்றது. கன்று கத்திய பக்கத்துக் காது மட்டும் முன்னால் திரும்பியது. தலையைத் தூக்கவில்லை. வாயோரத்தில் எச்சில் ஒரு நூலாகத் தொங்கியது. இன்னொரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன், அதுவும் எதிர்பார்த்திருக்கும். வரவில்லை. லாரிக்கு நின்ற தாடை மறுபடி ஓடியது. இதற்கு ஓடவில்லை. வாயிலிருந்ததை அப்படியே விழுங்கியது. கழுத்தில் உருண்டை இறங்கியது. அடுத்த உருண்டை மேலே வரவில்லை. எவ்வளவோ நேரம் வரவில்லை. காது அதே இடத்தில் இருந்தது.

நான் வரைவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தியிருந்தாள். 

அதற்கடுத்த நாள் போனபோது வாசலில் ஒரு மினி லாரி நின்றது. ஏழுமலை யாரோ ஒரு வியாபாரியைப் பிடித்துவிட்டார். பலகை போட்டு எருமையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது ஏறவில்லை. பின்னங்கால்களை அகட்டி, மூட்டுகளை மடக்கி, மொத்த எடையையும் பின்னால் தள்ளி நின்றது. மூக்கு முன்னால் நீண்டு, கொம்பு முதுகில் படிந்தது. கயிற்றை இழுத்தவன் ஒருவன், பின்னாலிருந்து தள்ளியவர்கள் இரண்டு பேர். என் கை வரைந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, வள்ளியம்மா கவனித்தாள்.

லாரி போன பிறகு என்னிடம் வந்தாள்.

"நீ சொல்லி வந்தவனா இவன்?"

"இல்லம்மா. யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெருவுல சொல்றாங்க. கறிக்கடைப் பொண்ணு வந்து பாத்துகினு போச்சு, மாடு போயிடுச்சுனு."

"நான் படம் வரையத்தாம்மா வந்தேன்."

என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நான் அதைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நாற்காலியை எடுத்து வேலியோரம் வைத்துவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தம் வரை நடக்கும்போது கோபம் வந்தது. அவள்மேலா, ஏழுமலைமேலா, என்மேலா என்று சொல்லத் தெரியாத கோபம். பஸ் ஏறியதும் அது அடங்கிவிட்டது. அன்று மதியமே வேலையில் உட்கார்ந்தேன்.

முதலில் முரளியிடம் போனேன். அவன் பொருத்திய எலும்புக்கூட்டில் எருமையின் தாடை மேலும் கீழும்தான் போகும்.

"பக்கவாட்டுல போகணும் முரளி. போயி, பாதியிலேயே நிக்கணும்."

"யக்கா, தாடை கோணிகினு நின்னா பக்கவாதம் வந்தமாரி இருக்கும்க்கா."

"இருக்காது. செய்."

செய்து கொடுத்தான். ஆனால் அசையாமல் நிற்க வைப்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினம். காகிதத்தில் ஒரு படத்தை நிறுத்தினால் நின்றிருக்கும். கணினியில் அசைவை நிறுத்தினால் உயிரே போய்விடும், மிருகம் பொம்மையாகிவிடும். அதனால் நிற்கும் உடம்புக்குள் மூச்சு மட்டும் வைத்தேன். விலாவில், அதுவும் பின் விலாவில். எடையை மூன்று கால்களில் வைத்து ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பு நுனி தரையைத் தொட விட்டேன். தாடை வட்டம் போடுகிறது. தொலைவில் ஏதோ ஒரு கன்று கத்துகிறது. தாடை பாதியில் நிற்கிறது. காது திரும்புகிறது. தளர்ந்திருந்த பின்னங்கால் மெதுவாக ஊன்றுகிறது, போகத் தயாராக. பிறகு ஒன்றுமில்லை. எச்சில் நூல் ஆடுகிறது. விழுங்குகிறது. அடுத்தது வரவில்லை. ஊன்றிய கால் ஊன்றியபடியே இருக்கிறது.

கௌதம் பார்த்துவிட்டுத் தயங்கினார். "மேடம், இதுல ஒண்ணுமே நடக்கலையே."

தேவசகாயம் சாரும் அன்று பக்கத்தில் இருந்தார். "மறுபடி போடு," என்றார். போட்டேன். "சத்தத்தைக் குறை. கன்னு இன்னும் தூரத்துல இருக்கட்டும்." குறைத்தேன். மறுபடி பார்த்தார். மேஜையின் வலது பக்கம் அவர் பார்வை போனது. அங்கே காப்பிக் கோப்பை மட்டும் இருந்தது.

"இப்ப எங்க எடுத்து வைக்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். என் வேலைக்கு அவர் சொன்னதில் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

மறுபடியும் அதே பள்ளி அரங்கம். இந்த முறை வேறு பிள்ளைகள். வள்ளியம்மாவை அழைத்து வர முடியுமா என்று முரளியைக் கேட்டிருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தயாரிப்பாளர் பின் வரிசையில் இருந்தார்.

கொட்டில் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தேன். தாடை நின்றபோது அரங்கத்தில் சத்தம் குறைந்தது. ஒரு பையன் இருமினான். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை பக்கத்துப் பிள்ளையிடம், "அது யாரைத் தேடுது?" என்று கேட்டது. அது காதில் விழும் அளவுக்கு அமைதியாக இருந்தது. கௌதம் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி தப்பித்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"கொம்பு இப்பிடி இல்ல, எங்குளுது இன்னும் வளைஞ்சிருக்கும்," என்றாள்.

"ஆமாம்மா. இது வேற எருமை."

"தெரியுது." எழுந்துகொண்டே கேட்டாள்: "அப்பால அது தீனி எடுத்துச்சா?"

எந்த எருமையைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. லாரி எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. படத்தில் அந்தக் காட்சியோடு சீதேவியின் பங்கு முடிந்துவிடும், பிறகு வருவதெல்லாம் சிறுமியின் கதை.

"எடுத்துச்சும்மா," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். முரளி அவளை பைக்கில் அழைத்துப் போனான்.

மறுநாள் நான் ஒரு ஷாட் செய்ய ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைத்த கதைப்பலகையிலும் கிடையாது. சிறுமி போன பிறகு கூடை அங்கேயே இருக்கிறது. எருமை ஊன்றியிருந்த பின்னங்காலைத் தளர்த்துகிறது. தலை மெல்ல இறங்குகிறது. கழுத்து இறங்க இறங்கத் தோள்பட்டைகள் மேலே எழும்புகின்றன. மூச்சு பட்டு வைக்கோல் தூசி பறக்கிறது. எருமைக்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது, கடித்து எடுக்க முடியாது. நாக்கை வாயோரமாக வெளியே விட்டு, ஒரு பிடியைச் சுற்றி வளைத்து உள்ளே இழுக்கிறது. பாதி வெளியே தொங்குகிறது. தாடை பக்கவாட்டில் போகிறது.

"இது எங்க வருது மேடம்?" என்று கேட்டார் கௌதம்.

"அதுக்கப்புறம்."

இரண்டு முறை பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. படத்தின் முடிவுக்குச் சற்று முன்னால், சிறுமி பள்ளிக்கூடம் போகும் காலைப்பொழுதில் சேர்த்துக்கொண்டார். பார்த்தவர்களில் பலருக்கு அது நினைவில் இருக்காது.

படம் வெளியான வாரம் முரளி குத்தம்பாக்கம் போயிருந்தான். அந்தத் துண்டை மட்டும் போனில் போட்டுப் பெரியம்மாவுக்குக் காட்டியிருக்கிறான். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தாளாம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நல்லா தின்னுதுன்னாங்கக்கா. அப்புறம் கேட்டாங்க, தின்னதுக்கப்பால தண்ணி காட்டினீங்களான்னு."

அதற்குள் படம் தியேட்டர்களுக்குப் போய்விட்டிருந்தது.